ஆல்ஃபா ஹவுஸ்: காட்டப்படாத வீடு

அமேசான் 2013இல் வெளியிட்ட ‘ஆல்ஃபா ஹவுஸ்’ தொடரில் நான்கு ஆண் செனட் உறுப்பினர்கள் வாஷிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். நால்வரும் குடியரசுக் கட்சியினர். எழுதியவர், ‘டூன்ஸ்பரி’ கேலிச்சித்திரத் தொடரால் அறியப்பட்ட கேரி ட்ரூடோ. தேர்தல் பயத்தில் கொள்கையைக் கைவிடும் அரசியல்வாதிகளை அவர் நன்றாகவே கிண்டல் செய்கிறார். அந்தக் கிண்டல் வீட்டுக்குள் நுழைந்ததும் செல்லம் கொஞ்சலாக மாறிவிடுகிறது.

இந்தக் கதைக்கு மூலமாக ஓர் உண்மையான வீடு உண்டு. கலிபோர்னியாவின் பிரதிநிதி ஜார்ஜ் மில்லருக்குச் சொந்தமான அந்த வீட்டில் சக் ஷூமர், டிக் டர்பின் போன்ற ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் பல ஆண்டுகள் தங்கியிருந்தார்கள். கழுவாத தட்டு, விரிப்பு மடிக்காத படுக்கை, கூடத்தில் உறங்கும் செனட் உறுப்பினர் என்று பத்திரிகைகள் அதைச் சிரிக்கச் சிரிக்க எழுதின. நாட்டின் சட்டத்தை எழுதுகிறவருக்குத் தன் தட்டைக் கழுவத் தெரியவில்லை என்பது அவருக்கு இழுக்காகவில்லை; அவரை நமக்கு நெருக்கமானவராக்கியது.

அதே காலத்தில், 2000 முதல் 2007 வரை, ஷூமரின் மனைவி ஐரிஸ் வைன்ஷால் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையின் ஆணையர். அவர்களுடைய வீட்டு ஏற்பாடு அவர்கள் விஷயம். எது கதையாகிறது என்பதுதான் நம் கேள்வி. தலைநகரில் கணவர் ‘பிரம்மச்சாரி’யாக இருப்பது சுவாரசியம். ஒரு மாநகரத்தின் சாலைகளையும் கவனித்துக்கொண்டு, கணவர் இல்லாத வாரநாட்களைக் கடக்கும் பெண்ணிடம் அந்தச் சுவாரசியத்தை யாரும் தேடுவதில்லை.

பெண் உறுப்பினரானால் கதையே வேறு. 1972இல் கொலராடோவிலிருந்து தேர்வான பாட் ஷ்ரோடர், கணவரோடும் இரண்டு சிறு குழந்தைகளோடும் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். தாயாகவும் உறுப்பினராகவும் எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி அவரைத் துரத்தியது. டேமி டக்வர்த் 2018இல் குழந்தை பெற்றபோது, கைக்குழந்தையோடு அவைக்குள் வந்து வாக்களிக்க செனட் தன் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைகளை ஊரில் விட்டுவந்த ஆண்களுக்காக எந்த விதியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. விதிகள் ஏற்கெனவே அவர்களுக்காகத்தான் இருந்தன.

1995இல் அவைத்தலைவரான நியூட் கிங்ரிச், குடும்பத்தைத் தொகுதியிலேயே வைத்திருக்கும்படி புதிய உறுப்பினர்களுக்குச் சொன்னார். வாரத்தில் சில நாள் தலைநகர், மீதி நாள் ஊர் என்பது வழக்கமானது. மக்களோடு நெருங்கியிருப்பது என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. ஊரிலுள்ள வீட்டில் யாரோ ஒருவர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைவார் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. அந்த ‘யாரோ’ பெரும்பாலும் மனைவி. அவருக்குச் சம்பளமும் இல்லை, வாக்கும் இல்லை.

ட்ரூடோவின் தொடரிலும் பெண் செனட் உறுப்பினர் உண்டு. வாண்டா சைக்ஸ் நடித்த அவர் பக்கத்து வீட்டுக்காரர். கேமரா அவர் வீட்டில் தங்கி, ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்திருந்தால் இது வேறு தொடராகியிருக்கும். அதிகாரத்தைப் பற்றிய கூர்மையான நகைச்சுவையும் அதில் இன்னும் கூடுதலாகவே கிடைத்திருக்கும்.