வேலையில்லாதோர் எனும் சொல்

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, குடும்ப விவரத் தாளில் தாயாரின் தொழில் என்னுமிடத்து ‘வேலை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். அவ்வம்மையாரை நான் அறிவேன். விடியுமுன் எழுந்து சமைத்து, மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி, வீட்டின் பின்புறத்து மரவள்ளிக்கும் கீரைக்கும் நீர் ஊற்றுபவர். திருத்த எடுத்த சிவப்புப் பேனாவை அப்படியே வைத்துவிட்டேன். அரசாங்கக் கணக்கும் இதையே அல்லவா சொல்கிறது என்று தோன்றியது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், கணக்கு அவ்வாறு சொல்லவில்லை என்றும், பிழையில் பெரும்பங்கு நமது மொழிபெயர்ப்பினுடையது என்றும் கண்டேன். தமிழாசிரியர்கள் முன் இதனை வைப்பது தகும் எனக் கருதுகிறேன்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1923-இல் ஜெனிவாவில் கூட்டிய புள்ளிவிவர வல்லுநர் மாநாடு தொடங்கி, இக்கணக்குக்கு இலக்கணம் வகுக்கப்பட்டு வருகிறது. 1954, 1982, 2013 ஆகிய ஆண்டுகளின் தீர்மானங்களை இவ்விலக்கணத்தின் தலையாய நூற்பாக்கள் எனலாம். மலேசியாவில் 1974 முதல் வீடு வீடாகச் சென்று தொழிலாளர் கணக்கு எடுக்கப்படுகிறது. 2004 முதல் மாதந்தோறும் எடுக்கப்படுகிறது.

கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் தொழிலில் உள்ளவரே என்பது விதி. ஒரு மணி நேரம்! என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. செக்ரோலில் பெயரும் இல்லை. அடைமழை வாரத்தில் இரண்டு நாள் வெட்டியிருந்தாலும் நாட்டுக் கணக்கில் அவர் தொழில் உள்ளவர். எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குத்தான் அது தெரியாது.

இவ்விதியை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அதற்கு நியாயம் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்திக்குச் செலவான உழைப்பு முழுவதையும் கணக்கிட வேண்டுமாயின், மாலையில் சிறிது நேரம் பலகாரம் விற்கும் மூதாட்டியின் உழைப்பையும் தள்ளிவிடலாகாது. வாரத்துக்கு 30 மணிக்கும் குறைவாக உழைத்து, மேலும் உழைக்க விரும்புவோரை நம் நாட்டுக் கணக்கு தனியே காட்டவும் செய்கிறது. அப்பட்டியலைப் புரட்டாமல், வேலையின்மை விழுக்காடு ஒன்றையே பெரிய எழுத்தில் போடுவோரிடத்தேதான் நமக்குக் குறை. 2020 மே மாதத்தில் அவ்விழுக்காடு 5.3 எனப்பட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டினால் சம்பளமின்றி வீட்டிலிருந்து, திரும்பிச் செல்ல ஓர் இடம் உடையவராயிருந்தோர் அந்த 5.3-இல் இல்லை, அவர்கள் தொழில் உள்ளவர் வரிசையிலேயே நின்றனர்.

மற்றொன்று: நூற்பா ஒன்றாயினும் உரைகள் பல. வேலையில்லாதவர் என்போர் தொழில் இல்லாதவராய், தொழிலேற்க அணியமாய், தொழில் தேடுபவராய் இருத்தல் வேண்டும் என்பது அனைத்துலக விதி. மலேசியாவோ, தேடிப் பயனில்லை என்று எண்ணித் தேடாதிருப்பவரையும் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொள்கிறது. இது பாராட்டத் தக்கது. ஆனால் 15 முதல் 64 வயது வரையுள்ளோரையே நெடுங்காலமாக எண்ணி வருகிறது. 2013 தீர்மானமோ மேல்வரம்பு கூடாது என்கிறது. சிங்கப்பூர் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் எண்ணுகிறது. அமெரிக்கா 16-இல் தொடங்குகிறது. நாம் சொன்ன பலகாரக்கார மூதாட்டிக்கு 66 வயதாயின், சிங்கப்பூர்க் கணக்கில் இடமுண்டு, இங்கு இல்லை. உரை வேறுபாட்டை நோக்காது இரு நாட்டு விழுக்காடுகளை அருகருகே வைத்து மகிழ்வதும் வருந்துவதும் முறையன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். 1982 தீர்மானத்தின்படி, குடும்ப உணவுக்குத் தேவையானவற்றைக் கணிசமாக விளைவிப்பவரும் தொழில் உள்ளவரே. 2013-இல் அவர் அவ்வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயின் அதே தீர்மானம், பிறருக்காகவோ தமக்காகவோ பொருளையும் பணியையும் ஆக்கும் எதனையும் உழைப்பு என்றே கூறி, அதனை ஐந்தாகப் பகுத்தது. சமையலும் நோயாளியைப் பேணுதலும் அதனுள் அடங்கும். ஊதியமோ இலாபமோ கருதியது அவ்வைந்தில் ஒரு கூறு மட்டுமே. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. நாமோ இரண்டையும் ‘வேலை’ என்று எழுதி, வல்லுநர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்ததை ஒட்டிவிட்டோம். அந்த மாணவியின் விடை அவ்வொட்டின் விளைவு.

பொதுச் சொல்லுக்கு ‘உழைப்பு’ பொருந்தும். சிறப்புக்கு ‘ஊதியப் பணி’ எனலாமோவெனின், பெட்டிக்கடைக்காரருக்கு ஊதியம் ஏது? ‘தொழில்’ எனலாம், அதுவும் பரந்துபட்ட சொல். ‘பிழைப்பு’ என்பது என் துணிபு. கூலிக்காரர், கடைக்காரர், தந்தையின் கடையில் சம்பளமின்றி நிற்கும் மகன் ஆகிய மூவரையும் அது அணைத்துக்கொள்ளும். வேலையில்லாதோரைப் ‘பிழைப்புத் தேடுவோர்’ எனின், தேடுதல் என்னும் நிபந்தனையும் சொல்லிலேயே விளங்கும். கொச்சை எனப் புலவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இதனினும் தக்க சொல் கிடைப்பின் அன்பர்கள் எழுதுக. அதுவரை எங்கள் பள்ளித் தாளில் ‘தொழில்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘வீட்டில் செய்யும் உழைப்பு’ என மற்றொரு கட்டம் வரைந்திருக்கிறேன்.