சௌப்திக பருவத்தில் துரியோதனன்

மலையகத் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்பெறும் கூத்துக்களுள் அருச்சுனன் தபசும் ஒன்று. அட்டன், நுவரெலியாப் பகுதித் தொழிலாளர் பலர்க்குப் பாரதம் ஏட்டின் வழியாக அன்றி, இக்கூத்தின் வழியாகவே அறிமுகமாயிற்று. தவம் கிடந்த அருச்சுனன் சிவபெருமான்பால் பாசுபதம் பெறுதலே அக்கூத்தின் உயிர்நிலை. அப்பெருமான் பிறிதோர் இரவில் பகைவர் பக்கத்தானுக்கும் படை ஈந்த செய்தியைக் கூறுவது சௌப்திக பருவம்.

பதினெட்டாம் நாட் போர் முடிந்தது, துரியோதனன் தொடை முறிந்து வீழ்ந்தான், பாண்டவர் வென்றனர். அன்றிரவே அவ்வெற்றி நிலைகுலைந்தது. துரோணன் மகன் அசுவத்தாமன், கிருபனும் கிருதவர்மனும் உடன்வரப் பாசறை புகுந்து, திட்டத்துய்மனையும் சிகண்டியையும் திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றான். கண்ணனது சூழ்ச்சித்திறத்தால் பாண்டவர் ஐவரும் அவ்விரவு பாசறையில் இலர். வென்றவர் உயிர் எஞ்சிற்று. அவர்தம் மைந்தர் எஞ்சிலர்.

இச்செய்தி கேட்ட துரியோதனன் யாது செய்தான்? ஈண்டுதான் வடமொழியாசிரியரும் தமிழாசிரியரும் வேறுபடுகின்றனர். வியாசரது துரியோதனன், வீடுமனும் கன்னனும் செய்யாததை நீ செய்தனை எனப் பாராட்டி, மகிழ்ந்து உயிர் விடுகின்றான். வில்லிபுத்தூராரது துரியோதனனோ, கொணர்ந்த தலைகள் இளஞ்சிறார் தலைகள் என்று கண்டு வருந்துகின்றான். குலத்துக்கு ஒரு மகவும் இன்றாயிற்றே எனக் கலங்கி, கொன்றவனைக் கடிந்துகொள்கின்றான்.

இம்மாற்றம் பொருந்துமா என்பார் உளர். உறங்குவோரை அரக்கு மாளிகையோடு எரிக்கச் சூழ்ந்தவன் அன்றோ அவன்? அவனுக்கு இவ்விரக்கம் எங்ஙனம் வந்தது? இவ்வினா தக்கதே. ஆயினும், பதின்மூன்றாம் நாட் போரில் தன் மகன் இலக்கணகுமாரனை இழந்தவனும் அவனே என்பதை மறத்தலாகாது. மகனைப் பறிகொடுத்த தந்தையின் கண்ணுக்கு அத்தலைகள் பகைவர் தலைகளாகத் தோன்றில. புலவர் அவனை நல்லவனாக்கினார் அல்லர்; அவன் செய்த தீமை ஒன்றையும் மறைத்தாரும் அல்லர். பகை முதிர்ந்த நெஞ்சிலும் எல்லை ஒன்று உண்டு என்று காட்டினார், அவ்வளவே.

வியாசர் 18 பருவமாக விரித்த கதையை வில்லிபுத்தூரார் இப்பத்தாம் பருவத்தோடு நிறுத்தினார்.  எஞ்சிய பருவங்களையும் சேர்த்துப் பாடியவர் பின்வந்த நல்லாப்பிள்ளையே. முதனூல் நோக்கக் குறையெனத் தோன்றும் இந்நிறுத்தம், பொருள் நோக்க நிறைவாகவே அமைகின்றது. உடன்பிறந்தார் போரில் வெற்றி யாது என்பதை அவ்விரவே சொல்லிவிட்டமையின் என்க.

பாசுபதம் தவத்தின் பயன். அசுவத்தாமன் பெற்ற படையும் வழிபாட்டின் பயனே. அளித்தவன் ஒருவன், வேறுபட்டது ஏந்திய கை. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போரின் துயர் கண்ட இந்நாட்டில், அருச்சுனன் தபசு காண்போர் சௌப்திக பருவத்தையும் ஒருமுறை ஓதி உணர்தல் நன்று.