ராத்திரி முழுக்கன்னா எத்தனை மணி நேரம்?

எங்க பொண்ணுக்கு மூணு மாசம் முடிஞ்சப்போ வீட்டில் ஒரு சின்ன பஞ்சாயத்து. ‘மூன்று மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் இரவு முழுக்கத் தூங்கிவிடும்’ என்று ஒரு குழந்தை வளர்ப்புக் கையேட்டில் போட்டிருந்தது. இவளோ ராத்திரியில் மூணு தடவை எழுந்துகொண்டிருந்தாள். “பால் பத்தலை போலடா” என்றார் அம்மா. மனைவி பதில் சொல்லவில்லை. மறுநாள் புட்டிப்பால் வந்தது. அதைக் குடித்துவிட்டும் அவள் எழுந்தாள் என்பது வேறு கதை.

ஒன்பது வருஷம் கழித்து, அந்த ‘மூணு மாசம்’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்று இருக்கிறது. மூர், உக்கோ என்ற இருவர் 1957இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. லண்டனில் 160 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் 70 சதவீதம் பேரின் இரவுத் தூக்கம் ‘நிலைப்பட்டது’. ஆறு மாதத்தில் 83 சதவீதம். 10 சதவீதம் பேர் முதல் வருஷம் முழுக்க நிலைப்படவே இல்லை.

சரி, ‘நிலைப்பட்டது’ன்னா என்ன? நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பெற்றோரை எழுப்பாமல் இருப்பது. அவ்வளவுதான். பதினொன்றரைக்கு ஒரு தடவை, அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத குழந்தையும் இதில் பாஸ்!

கட்டுரை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் வரையறையை அவர்கள் மறைக்கவில்லை. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. கையேடுகள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன, வரையறையை விட்டுவிட்டன. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது புரியும்: ஃபங்ஷன் பெயர் ‘ராத்திரி முழுக்க’, உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து மணி நேரம்.

இரண்டாவது சிக்கல், அளந்தது யார் என்பது. தகவல் வந்தது அம்மாக்களிடமிருந்து. 1979இல் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் குழந்தைகளின் இரவை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். ‘நல்லா தூங்குது’ என்று சொல்லப்பட்ட குழந்தைகளும் நடுவில் முழித்தன. அழாமல் தாங்களாகவே திரும்பத் தூங்கிவிட்டன. ஆக, மூர்-உக்கோ எண்ணில் பாதி அம்மாவின் தூக்கக் கணக்கு. அடுத்த ரூமில் தொட்டிலில் முனகும் குழந்தை ‘தூங்கியது’. அதே குழந்தை நம்ம வீட்டு மாதிரி அம்மா பக்கத்தில் படுத்திருந்தால் ‘எழுந்தது’.

மூன்றாவது, இது ஒரு தடவை ஏறினால் இறங்காத படிக்கட்டு இல்லை. அதே கட்டுரையில், நிலைப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 முதல் 9 மாதத்துக்குள் மறுபடி எழ ஆரம்பித்தார்கள். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

முதல் மாதங்களில் உண்மையில் நடப்பது என்ன? பிறந்த குழந்தை ஒரு நாளில் சுமார் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் பாதி, கை கால் அசைத்து, முகம் சுளிக்கும் மேலோட்டமான தூக்கம். பகல் எது, இரவு எது என்று சொல்லும் உடல் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் மெல்ல உருவாகிறது. ‘பகலை ராத்திரியா மாத்திக்கிச்சு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாற்றிக்கொள்ள அதனிடம் இன்னும் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை.

2018இல் கனடாவில் வந்த ஆய்வு கொஞ்சம் நேர்மையான எண்களைத் தருகிறது. ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. எட்டு மணி நேரம் என்று வைத்தால் 57 சதவீதம். எழும் குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்கியதாகவும் தெரியவில்லை. தொடர்ந்து தூங்கிய குழந்தைகளிடையே தாய்ப்பால் குடிப்பவர்கள் குறைவு என்பதும் வந்தது. இதுவும் அம்மாக்கள் சொன்னதை வைத்துத்தான், அந்தக் குறை இங்கேயும் உண்டு. ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு வரையறை வைத்து, இரண்டு விடையையும் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

பால் பத்துதான்னு தெரியணும்னா, எடை ஏறுதா, துணி ஒழுங்கா நனையுதான்னு பார்க்கணும். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இது அன்னிக்கு எனக்குத் தெரியாது.

அப்போது நான் போட்டு வைத்த எக்செல் ஷீட் இன்னும் இருக்கிறது. போன வாரம் மனைவியும் நானும் திறந்து பார்த்தோம். மூணாம் மாசக் கடைசி வாரம்: 11:40, 3:10, 5:20. 1957 கணக்கிலும் ஃபெயில், அந்த 3:10 கெடுத்துவிட்டது. மீதி 30 சதவீதத்தில் ஒருத்தி, அதாவது பத்தில் மூணு பேரில் ஒருத்தி. பக்கத்திலேயே எடைக் கணக்கும் இருந்தது. வாராவாரம் ஏறியிருக்கிறது.

“இதை அன்னிக்கே பார்த்திருக்கலாம்ல?” என்றாள். பார்த்திருக்கலாம்.