ஜிலேபி மீனும் ஒரு டாகுமென்டரியும்

வீரபாண்டி பிரிவில் இருட்ட ஆரம்பித்ததும் தள்ளுவண்டிகளில் எண்ணெய் காய ஆரம்பித்துவிடும். மசாலா தடவிச் சிவந்த ஜிலேபி மீன்கள் வரிசையாகக் கிடக்கும். ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து வருகிறவர் 'எந்த ஊர் மீனுங்க?' என்று கேட்டால், 'டேம் மீனுங்ணா' என்று பதில் வரும். பொய்யில்லை. ஆனால் அதற்குப் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம். 1952-ல் அரசாங்கத்து ஆராய்ச்சிக்காரர்கள்தான் கூட்டி வந்தார்கள். இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து இறங்கிய குஞ்சுகள், இன்று தமிழ்நாட்டில் நுழையாத குளமில்லை. 1959-லேயே 'இதைப் பரப்பாதீர்கள்' என்று மீன்வள நிபுணர்கள் குழு சொன்னது. மீன் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை!

இந்த மீனை வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பேச வேண்டியிருக்கிறது. ஹூபர்ட் சாப்பர் எடுத்து 2004-ல் வெளியான 'டார்வின்ஸ் நைட்மேர்'. ஆஸ்கர் பரிந்துரை வரை போன டாகுமென்டரி. அதிலும் வில்லன் வேடத்தில் ஒரு மீன்தான். நைல் பெர்ச். நம்ம கொடுவாவுக்குப் பங்காளி முறை; ஆள் உயரம் வளரும். விக்டோரியா ஏரியில் இதைக் கொண்டுபோய் விட்டார்கள். ஏரியிலிருந்த சின்னச் சின்ன மீன்களைத் தின்று தீர்த்தது. அதன் சதை மட்டும் துண்டு துண்டாக ஐரோப்பாவுக்கு விமானம் ஏறியது. தான்சானியாவின் முவான்சா நகரத்து ஜனங்களுக்கு மிஞ்சியது தலையும் முள்ளும்.

எக்ஸ்போர்ட் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் சுருக்கென்று தைக்கும். நல்ல சரக்கு கப்பல் ஏறும், கழிவு ஊரில் தங்கும் என்ற கணக்கு நமக்குப் புதுசில்லை. புழு நெளியும் மீன் தலைகளைக் கம்பங்களில் காயவைக்கும் பெண்ணைக் காட்டும்போது சாப்பர் எதையும் விளக்குவதில்லை, சோக வயலினும் வாசிப்பதில்லை. காமிரா அங்கேயே நிற்கிறது. அந்தத் துணிச்சலுக்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

ஆனால் பாதிக்கு மேல் படம் வேறு ரூட்டில் போய்விடுகிறது. மீன் ஏற்ற வரும் விமானங்கள் வரும்போது ஆயுதம் கொண்டு வருகின்றனவா? அதைத் துருவிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் ஒரு விமானி வாய் திறக்கிறார். அவர் சொல்வதோ அங்கோலாவுக்கு டாங்கி ஏற்றிப்போன பழைய கதை, முவான்சா கதையல்ல. அதற்குள் ஏரி மறந்தே போச்சு.

என் புகாரே அதுதான். படத்தின் பெயரில் டார்வின் இருக்கிறார், படத்துக்குள் இல்லை. விக்டோரியா ஏரியில் மட்டும் சுமார் 500 வகைச் சின்ன மீன்கள் இருந்தன. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவற்றில் 200 வரை தொலைந்துபோனது ஆய்வாளர்கள் கணக்கு. அந்த மீன்களை ஜனங்கள் வெயிலில் காயவைத்தே சேமித்தார்கள். நைல் பெர்ச்சில் கொழுப்பு ஜாஸ்தி, வெயிலில் காயாது, புகை போட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். காடு போச்சு. இதையெல்லாம் காட்டியிருந்தால் விமானத்தை விடப் பெரிய க்ரைம் கதை ஆகியிருக்குமே! யாரோ எப்போதோ விளையாட்டாக ஒரு வாளியைக் கவிழ்த்ததுபோல ஆரம்பத்தைப் படம் கடந்துவிடுகிறது. அப்படியல்ல. அது மீன்வளத் துறை அதிகாரிகளின் திட்டம். ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற ஆய்வாளர் 1960-லேயே 'வேண்டாம்' என்று எழுதினார். யார் கேட்டார்கள்?

இது எங்கேயோ இருக்கும் ஏரி விவகாரமில்லை. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியான கதை கொங்கு நாட்டுக்கே தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சுத்திகரித்து, சொட்டுத் தண்ணிகூட வெளியே விடாமல் நடத்து என்று விதி வந்தது. அதுக்கப்புறம் நொய்யலைப் பற்றிப் பேச்செடுத்தால், 'மீனே துள்ளுது, இன்னும் என்னங்க குறை?' என்பது ஒரு ரெடிமேட் பதில்.

துள்ளுவது எந்த மீன்? ஜிலேபிக்கு உப்புத் தண்ணியும் ஒன்றுதான், நல்ல தண்ணியும் ஒன்றுதான். ஆக்ஸிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். இரண்டு மூன்று மாசத்தில் அடுத்த தலைமுறை ரெடி. கெட்ட தண்ணியிலும் வாழத் தெரிந்த மீன், ஆறு நல்லாயிருக்குன்னு எப்படிச் சர்டிஃபிகேட் தரும்? அயிரையும் ஆராலும் குறவையும் திரும்பி வந்தால் பேசலாம்.

இதில் இன்னொரு கூத்து. சொந்த ஊரில் இந்த மொசாம்பிக் ஜிலேபி, அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கொண்டுவந்து விட்ட நைல் ஜிலேபியோடு கலந்து, கலப்பினமாகிக் கரைகிறதாம். வந்த இடத்தில் ராஜா, பிறந்த இடத்தில் அகதி.

சாப்பர் விட்ட பாதியைத் தேடுகிறவர்களுக்கு டைஸ் கோல்ட்ஷ்மிட் என்ற டச்சு உயிரியலாளரின் 'டார்வின்ஸ் ட்ரீம்பாண்ட்' இருக்கிறது. அந்தச் சின்ன மீன்களை ஏரிக்கரையிலேயே தங்கி ஆராய்ந்தவர், அவை கண்ணெதிரே குறைந்துபோனதை எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் 1996-ல் வந்தது. புத்தகத்தை முதலில் படித்துவிட்டு, படத்தை அப்புறம் பாருங்கள்.