ஊழியக்காரி என்னும் பெயர்: பாகூர், வில்லியனூர் பகுதிகளின் மூன்று கதைகள் குறித்து ஒரு திறனாய்வு

பெண்களின் தலைமை என்னும் பொருள் பேசப்படாத அருட்பணியாளர் மாநாடு இன்று அரிது. உரைகள் நிகழ்த்தப்படுகின்றன, தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறுகின்றன. ஆயினும் அத்தீர்மானங்களில் பயின்றுவரும் சொற்களை நாம் நிறுத்தி ஆராய்வதில்லை. பங்களிப்பு, தொண்டு, ஒத்துழைப்பு, ஆதரவு ஆகிய சொற்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. தலைமை, பொறுப்பு, நிருவாகம், முடிவு ஆகியவை ஆடவர்பால் நிற்கின்றன. இச்சொற்பங்கீடு தற்செயலாக நேர்ந்ததன்று என்பது நம் கருத்து.

இதனை விளக்கப் புதுச்சேரியின் நாட்டுப்புறத்திலிருந்து மூன்று கதைகளை எடுத்துக்கொள்கிறோம். கதை என்று நாம் குறிப்பது ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வரலாற்றை. ஒன்று செவிவழி வந்தது. மற்றொன்று செய்தித்தாளில் வெளிவந்தது. மூன்றாவது சட்டநூலில் உள்ளது.

வாய்க்காலும் செப்பேடும்

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற ஊர். அதன் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரியாகும். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் இவ்வேரிக்கு நீர் கொணர்கிறது. பங்காரி, சிங்காரி என்னும் தேவரடியார் சகோதரியர் இருவர் ஊர் மக்களின் நீர்க்குறை தீர்க்க இவ்வாய்க்காலை வெட்டுவித்தனர் என்பது அப்பகுதியில் வழங்கும் கதை.

இதே பாகூரில் கிடைத்த செப்பேடுகளும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எல்லை எது என்பனவெல்லாம் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோமாக. மறை கற்ற ஆடவரின் கல்விச் சாலைக்கு அளித்த கொடை செம்பில் நிலைத்தது. வயலுக்கு நீர் தந்த பெண்களின் கொடை செவிவழிக் கதையில் தங்கியது. கதை வரலாறாகாது என்று வாதிடலாம். அது நேர்மையான வாதமே. ஆனால் நம் வினா வேறு. சகோதரியர் இருவரைப் பற்றி அக்கதை எதை நினைவில் வைக்கிறது? அவர்கள் கொடுத்ததை நினைவில் வைக்கிறது. வாய்க்கால் வெட்டியபின் மடையைத் திறப்பது யார், முறைநீர் பங்கிடுவது யார், வழக்கைத் தீர்ப்பது யார் என்னும் இடங்களில் அவர்களைக் காணோம். பெண் கொடுப்பவளாகப் போற்றப்படுகிறாள், ஆள்பவளாக நினைக்கப்படுவதில்லை. போற்றுதலே அவளைக் கதையினின்று வெளியேற்றும் வழியாகிவிடுகிறது.

இரண்டு வாயில்கள்

இரண்டாவது கதை நம் காலத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991-இல் புதுச்சேரியின் பிள்ளையார்குப்பம், கீழூர், சிவராந்தகம் ஆகிய ஊர்களில் உயிரியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 1998-இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு கிராம அறிவு நிலையங்களை நிறுவத் தலைப்பட்டது. நெல் விலை, மருத்துவமனை விவரம், அரசு நலத்திட்டங்கள் போன்ற செய்திகள் வில்லியனூரில் திரட்டப்பட்டு, தமிழில் எழுதப்பட்டு, வானொலி அலை வழியே ஊர்களிலுள்ள கணினிகளுக்கு அனுப்பப்பட்டன. மின்தடை மிகுந்த ஊர்களில் கதிரவன் ஒளியால் கருவிகள் இயங்கின. கடலோர ஊர்களில் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2001-இல் இத்திட்டம் ஸ்டாக்ஹோம் சாலஞ்ச் விருதைப் பெற்றது.

நிறுவனம் ஊராருக்கு விதித்த நிபந்தனைகள் சில இருந்தன. நிலையம் எல்லாச் சாதியாரும் தடையின்றி வரத்தக்க பொது இடத்தில் அமைய வேண்டும். அதனை நடத்துவோருள் பெண்கள் இடம்பெற வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. பாகூர் வட்டத்தைச் சேர்ந்த எம்பலத்தில் ஊர்க்கோயில் கட்டடத்திலேயே நிலையம் அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனைப் பற்றி எழுதியபோது, அக்கட்டடத்தின் இரண்டு வாயில்களை முன்வைத்தது. ஒரு வாயில் வழியே வழிபாட்டிடத்திற்குள் ஒடுக்கப்பட்ட சாதியாரும் மாதவிலக்குக் காலத்துப் பெண்களும் செல்லலாகாது. மற்றொரு வாயில் வழியே கணினி இருந்த அறைக்குள் எவரும் எந்நாளும் செல்லலாம்.

இக்காட்சியின் அழகை நாம் மறுக்கவில்லை. ஊரார் ஒரு கட்டடத்தில் எல்லாரும் நுழையத்தக்க வாயிலொன்றைத் தாமே ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. கூலி வேலை செய்யும் பெண் தனக்குரிய அரசு உதவி யாதெனப் பிறர் தயவின்றி அறிந்துகொள்ளும் இடம் அது. அதனைச் சொல்லும் திறன் பெற்றவளும் அவ்வூர்ப் பெண்ணே.

ஆயினும் திறனாய்வாளர் இரண்டு வினாக்களைக் கேட்டேயாக வேண்டும். முதலாவது, புதிய வாயில் திறந்தபோது பழைய வாயில் என்னவாயிற்று? அது இருந்தவாறே இருந்தது. புதிய இடத்தில் சமத்துவம் தருவது எளிது. பழைய இடத்தில் தருவதே கடினம். இரண்டாவது, அறையில் அமர்ந்து பணிபுரிந்த பெண்களுக்கு என்ன பெயர் வழங்கப்பட்டது? தன்னார்வத் தொண்டர் என்று வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் ஊதியமின்றியே உழைத்தனர். ஊரின் செய்திகளைத் திரட்டி, சரிபார்த்து, மக்களுக்கு வழிகாட்டிய அப்பணி, ஓர் ஆடவர் அரசு அலுவலகத்தில் செய்திருப்பின் பதவி எனப்பட்டிருக்கும். பெண் செய்தமையால் தொண்டு எனப்பட்டது. இங்கும் சகோதரியர் கதையே மீண்டும் நிகழ்கிறது.

வெற்று நாற்காலி

மூன்றாவது கதை சட்டத்தின் கதை. பிரெஞ்சு ஆட்சி 1880-இல் இப்பகுதியில் கொம்யூன்களையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையும் அமைத்தது. அம்மன்ற உறுப்பினரின் வாக்கு எத்துணை மதிப்புடையதாயிருந்தது என்பதற்குக் கீழூரே சான்று. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். சட்டமன்றப் பிரதிநிதிகளுடன் கொம்யூன் மன்ற உறுப்பினரும் அமர்ந்தே ஒரு நிலப்பகுதியின் எதிர்காலத்தை முடிவு செய்தனர்.

அத்தகைய மன்றங்களுக்கு 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்றும் விதித்தது. புதுச்சேரியில் 2006-இல் தேர்தல் நடைபெற்றது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு கழித்து, 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடவாது போயிற்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்குரிய இடங்களைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தது. அங்கு 2019-லும் 2021-லும் ஊராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. வயல்வரப்பு ஒன்றைக் கடந்தால் ஒரு பெண் ஊராட்சித் தலைவராகலாம். இப்பால் நின்றால், அவள் அமரவேண்டிய நாற்காலியே ஊரில் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று.

நாற்காலியால் என்ன பயன் என்பாரும் உளர். மனைவியின் பெயரில் கணவர் ஆளும் ஊராட்சிகளைச் சுட்டிக் காட்டுவர். அது உண்மையே. எனினும் இதற்கு மறுமொழி உண்டு. ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டூஃப்ளோ ஆகிய இருவரும் மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானிலும் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தலைமைப் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர் போன்று பெண்கள் வேண்டிய பணிகளுக்குக் கூடுதல் முதலீடு செய்யப்பட்டதைக் காட்டியது. மேற்கு வங்கத்தில், தலைவர் பெண்ணாயிருந்த ஊர்களில் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் மிகுதியாகப் பங்கேற்றனர் என்பதும் அதன் முடிவு. பங்காரியும் சிங்காரியும் கொடையாகத் தந்த நீரை இப்பெண்கள் அதிகாரத்தால் தந்தனர். இவ்வேறுபாடு பெரிது. கொடை கொடுப்பவரோடு முடியும். அதிகாரம் அடுத்து வருபவருக்கும் உரியதாகும்.

மேலும், பெண் பெயரளவுத் தலைவராக நிற்பது பெரும்பாலும் நாற்காலி கிடைத்தும் அறிவு கிடையாத இடத்திலாகும். அறிவு நிலையங்கள் அறிவைத் தந்தன. நாற்காலியைத் தர அவற்றால் இயலாது. இவ்விரண்டும் ஒருசேர அமையும் வாய்ப்பு இவ்வூர்களுக்கு 2006 முதல் 2011 வரை ஐந்தாண்டுகளே வாய்த்தது.

பெபேயாளும் நாமும்

இம்மூன்று கதைகளையும் பிறர் கதைகளாகச் சொல்லி முடிப்பது நமக்குத் தகாது. ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாள் குறிப்பிடப்படுகிறாள். பவுல் அவளுக்கு இரண்டு பெயர்களை வழங்குகிறார். ஒன்று தியாகொனொஸ், மற்றொன்று ப்ரொஸ்தாதிஸ். நம் பழைய மொழிபெயர்ப்பு முதற்சொல்லை "ஊழியக்காரி" என்கிறது. இதில் பிழையில்லை, பவுல் தம்மைக் குறிக்க அதே கிரேக்கச் சொல்லைக் கையாளும் இடங்களிலும் நம் வேதாகமம் "ஊழியக்காரன்" என்றே தருகிறது. பிழை நம் செவியில் உள்ளது. ஊழியக்காரன் என்றதும் நாம் பிரசங்க மேடையை நினைக்கிறோம். ஊழியக்காரி என்றதும் பணிவிடையை நினைக்கிறோம்.

இரண்டாம் சொல்லோ ஆதரவாயிருந்தவள் என்னும் அளவில் நின்றுவிட்டது. கிரேக்க நகரங்களில் காப்பாளரையும் புரவலரையும் குறித்த மதிப்புமிக்க சொல் அது. அதனோடு உறவுடைய வினைச்சொல் ரோமர் 12:8-இல் வரும்போது முதலாளி என்றும், 1 தெசலோனிக்கேயர் 5:12-இல் வரும்போது விசாரணை செய்தல் என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஒரே வேரினின்று பிறந்த சொற்கள் பொருளில் முற்றிலும் ஒன்றாகா என்பதை நாம் அறிவோம். எனினும் பிற இடங்களில் மேலாண்மையாக ஒலித்தது பெண்ணிடம் வந்தவுடன் ஆதரவாக மென்மையுறுவதை மாணவர் கவனிக்கத்தான் வேண்டும்.

தலைமை என்பதே தொண்டுதானே, பெண்கள் அதனை ஏற்கெனவே பெற்றுள்ளனரே என்று நம்மில் சிலர் மாற்கு 10-ஆம் அதிகாரத்தைக் காட்டி அமைதி கூறுவர். அப்பகுதி யாரிடம் சொல்லப்பட்டது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்ட யாக்கோபு, யோவான் ஆகியோரிடமும், அதனால் எரிச்சலுற்ற மற்றப் பதின்மரிடமும் அது சொல்லப்பட்டது. இருக்கையை நாடுவோரைத் தொண்டுக்கு அழைத்த சொல்லை, இருக்கை மறுக்கப்பட்டவரைத் தொண்டிலேயே இருத்தும் சொல்லாக மாற்றுவது திருமறைக்கு நேர்மை செய்வதாகாது.

எம்பலத்தின் இரண்டு வாயில்களைக் கண்டு நாம் புன்முறுவல் செய்வதற்கில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவின் வாயிலைத் திறந்தது. முதற் பெண் பேராயராக ஈ. புஷ்பலலிதா நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றது 2013-இல். முதல் வாயிலுக்கும் இரண்டாம் வாயிலுக்கும் இடையே 37 ஆண்டுகள். இன்றும் நம் சிற்றூர்ச் சபைகள் பலவற்றில் திருப்பீடத்தைத் துடைத்து, மலர் வைத்து, திருவிருந்துத் துணியை வெளுத்து மடித்து வைப்பவர் பெண்களே. அத்திருப்பீடத்தின் பின்னால் நிற்பவரைத் தெரிவு செய்யும் குழுவில் அவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் முடிவு. குருவானவர் ஒவ்வொருவரும் தம் சபையின் ஆண்டறிக்கையை எடுத்து, பெண்களின் பெயருக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை ஒரு தாளில் எழுதுக. நன்றி என்னும் சொல் எத்தனை முறை வருகிறது, முடிவு என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் காண்க. புதுச்சேரிப் பகுதியில் பணிபுரிவோர் ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்னும் குரலை அரசியல் என்று ஒதுக்காது, தம் சபைப் பெண்களின் உரிமைக் குரலாகக் கேட்பாராக. பெண்களின் தொண்டைப் பாராட்டும் தீர்மானம் இனி நம் கூட்டங்களில் வருமாயின், அதன் கீழே மற்றொரு வரியையும் நாம் கேட்டு வாங்க வேண்டும்: எந்த இருக்கை, எந்த நாள் முதல்?