ராமானுஜன் படித்த 'கோர்ஸ்'

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கணக்கு அவளுக்குப் போரடிக்கிறது. "நீதான் ஏதாவது செஞ்சு குடுடா" என்று அண்ணன் சொல்ல, தானாகவே படிக்கிற மாதிரி ஒரு கோர்ஸ் தயாரித்தேன்: நாற்பது பிடிஎஃப், ஒரு அட்டவணை. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புத்தகம் போதும், ராமானுஜன் அப்படித்தானே படிச்சார் என்பது என் வாதம். அந்தப் புத்தகத்தைப் போன மாதம்தான் இறக்கிப் புரட்டினேன்.

ஜி. எஸ். கார் (வண்டி இல்லை, மனிதர்) எழுதிய 'சினாப்சிஸ்'. லண்டனில் டியூஷன் எடுத்தவர். அந்தப் பாடங்களிலிருந்து பிறந்த புத்தகம், 1880களில் வெளியானது. தேற்றங்களின் வரிசை எண் 6165 வரை போகிறது. நிரூபணம் பல இடங்களில் ஒரே வரி, அல்லது 'இன்ன எண்ணைப் பார்'. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைப்பது போல. சாதாரண மாணவனுக்கு இது தலைவலி. 1903ல் கும்பகோணத்துப் பள்ளி மாணவன் ராமானுஜனுக்கோ ஒவ்வொரு எண்ணும் ஒரு புதிர். தாண்டக்கூடிய இடைவெளி, சரியான வரிசை. பாடத்திட்டமாகப் பார்த்தால் இது பிரமாதமான விஷயம். என் பிடிஎஃப்களோ எல்லாவற்றையும் விளக்கித் தள்ளுகின்றன. பள்ளி செய்வதைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

ஆனால் 'தப்பு' என்று சொல்ல காரின் புத்தகத்தில் ஆள் இல்லை. 1913ல் ஹார்டிக்கு எழுதும்போது, பகா எண்களின் எண்ணிக்கையை ஏறக்குறையத் துல்லியமாகத் தரும் ஒரு சார்பு தன்னிடம் இருப்பதாக ராமானுஜன் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய எண்களுக்கு அது அழகாகப் பொருந்தும். எண்கள் பெரிதாகப் பெரிதாக அவர் சொன்ன துல்லியம் நிற்காது. ஸீட்டா சார்புக்குச் சிக்கலெண்களில் பூச்சியங்கள் உண்டு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கார் அந்தப் பக்கம் கூட்டிப் போகவும் இல்லை. ராமானுஜனுக்கே பத்து வருஷம் கழித்துத்தான் திருத்த ஒரு ஆள் கிடைத்தார். (நடுவில் கல்லூரி உதவித்தொகை போனது தனிக்கதை.)

இதைப் படித்த கையோடு அண்ணன் மகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். n² + n + 41 எப்போதும் பகா எண்ணா என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். இருபது வரை போட்டுப் பார்த்து, 'ஆம்' என்று டிக் அடித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். இரண்டு மாதமாக அந்த டிக்கை யாரும் பார்க்கவில்லை.

இப்போது பாதி பிடிஎஃப்களைத் தூக்கிவிட்டேன். ஞாயிறு காலை அரை மணி நேரம் போன். அவள் சொல்ல வேண்டும், நான் உடைக்கப் பார்க்க வேண்டும். முதல் வாரம் 40 போட்டுப் பாரு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சித்தப்பா, 1681... இது 41 தடவை 41. இதை ஏன் அப்பவே சொல்லல?"