மலைப்பாட்டும் திரைப்படமும்

சவ்வாது மலையின் அடிவாரத்தே உள்ள செங்கம், பண்டு செங்கண்மா என வழங்கிற்று. அதன் தலைவனாகிய நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்துவது மலைபடுகடாம். அந்நூலில் பெருங்கௌசிகனார் மலையில் எழும் பல்வேறு ஓசைகளை வகுத்துரைக்கின்றார். தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் அவற்றுள் ஒன்று. அருவியொலியோடும் களிற்றின் முழக்கத்தோடும் அப்பாட்டும் நம் செவியிற் படுகின்றது. பாடியவள் யார் என்பது மட்டும் தெரிவதில்லை. நூல் செய்த புலவர் பெயர் நின்றது. வள்ளை யாத்தவள் பெயர் நில்லாதொழிந்தது.

நாட்டுப்புறப் பாடகர் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் தோன்றும் இக்காலத்தில் அந்நிலை மாறிவிட்டதா? அவர்கள் அங்கே பாட்டை ஆக்கியோராக ஏற்கப்படுகின்றனரா, அன்றி வெறுங் குரலாகவே கொள்ளப்படுகின்றனரா? மூவரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாமவர் சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி. வானொலியிற் பாடிப் பெயர் பெற்ற அவர், பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் பாட்டியாக நடித்துத் தம் குரலிலேயே பாடினார். ஆங்குப் பாட்டு கதையின் நிகழ்ச்சியோடு ஒட்டிப் பிறக்கின்றது. நடிக்கும் பாட்டியும் பாடும் கருப்பாயியும் வேறாகத் தோன்றவில்லை. 2025-இல் அவர் மறையும்வரை அப்படமே அவரை நாடறியச் செய்தது.

இரண்டாமவர் மதுரையை அடுத்த பரவை முனியம்மா. ‘தூள்’ (2003) படத்தில் தலைவன் பகைவரொடு மோதுகையில் அவர் பாடுகின்றார். களத்தில் நிற்கும் வீரனைப் பாடுதல் புறத்திணை மரபுக்கு ஒத்ததே. ஆயின் ஈண்டுப் பாட்டு சண்டைக்காட்சிக்கு ஏவல் செய்கின்றது. அக்காட்சி முடியப் பாட்டின் பயனும் முடிகின்றது. பின்னர்த் தொலைக்காட்சி அவரைச் சமையல் நிகழ்ச்சியிலும் தோன்றச் செய்தது. முகம் நிலைத்தது, பாட்டு பின்னடைந்தது. அவர் 2020-இல் மறைந்தார்.

மூன்றாமவர் கேரளத்து அட்டப்பாடி மலையின் இருளர் குடியைச் சார்ந்த நஞ்சியம்மா. சச்சி இயக்கிய ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில், தமிழுக்கு நெருங்கிய தம் இருள மொழியில் தாமே இயற்றிய பாட்டைப் பாடினார். அப்படத்தில் நடிக்கவும் செய்தார். கீழ்த்திசைச் சந்தன மரமும் அதன் பூவுமே அப்பாட்டின் தொடக்கம். 2022-இல் அறிவிக்கப்பெற்ற 68-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளுள், சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய விருது அவரை அடைந்தது. பாடலாசிரியர்க்குரிய விருது வேறொரு படத்திற்குச் சென்றது. அத்தேர்விற் குற்றங் காண்பது நம் நோக்கமன்று. ஆயின் அதனையொட்டி எழுந்த வழக்காடலும், இசைப்பயிற்சி பெறாதார்க்கு இவ்விருது தகுமா என்னும் அளவிலேயே பெரிதும் நின்றது. குரலின் தகுதி ஆராயப்பட்டது; சொல்லின் தகுதி ஆராயப்படவில்லை. பாடியவரே புலவரும் ஆவர் என்பது அங்கு நினைக்கப்படாமற் போயிற்று.

நாட்டுப்பாட்டு ஊர்ப்பொது, அதற்கு ஆசிரியர் இல்லை என்பர் சிலர். மெட்டு பொதுவாதல் கூடும். பல தலைமுறை பாடிவந்த அடிகளும் பொதுவாதல் கூடும். ஆயினும் ஒருவர் தம் நெஞ்சிற் கண்டு தொடுத்த சொல் அவருக்கே உரியது. வெண்பாவின் யாப்பு பொதுவென்பதனால் வெண்பாப் பாடிய புலவரை இலர் என்போமா? நாட்டார் பாட்டோடு அறிஞர் ஒப்பிடும் பண்ணத்திக்குத் தொல்காப்பியர் செய்யுளியலில் இடமளித்தார். செய்யுள் எனின் அதனைச் செய்தோரும் உளர் என்பது சொல்லாமலே அமையும்.

சவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகின்றது. சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் பாட்டைப் பதிவு செய்யப் புகுவோர், அவர் திரைப்படத்தாராயினும் நம்போலும் ஆராய்ச்சியாளராயினும், பாடியவர் பெயர், ஊர், பாட்டுப் பிறந்த சூழல், இயற்றியவர் இன்னார் என்னும் செய்தி ஆகிய நான்கினையும் குறித்தல் வேண்டும். பெருங்கௌசிகனார் காலத்தில் ஓசையைக் குறித்ததே பெரிது. ஒலியையும் உருவையும் ஒருங்கே பிடிக்கும் கருவி கைவந்த நாம், பெயரை மட்டும் விடுத்தல் முறையன்று.